டால் கிடாவின் கொம்பைப் பார்க்க 500 டாலருக்குள் எந்த ஸ்பாட்டிங் ஸ்கோப்?

வாசகர் கேள்வி, ஃபேர்பேங்ஸ், 2024 மார்ச் 3

அலாஸ்காவுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இந்த ஆகஸ்டில் முதன்முறையாக உள்ளூர்வாசி உரிமத்தோடு டால் ஆட்டு வேட்டைக்கு, அதாவது இங்குள்ள மலைகளில் வாழும் வெள்ளை நிறக் காட்டுச் செம்மறி வேட்டைக்குப் போக இருக்கிறேன். துப்பாக்கி, பூட்ஸ், கூடாரம் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு, அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கிக்கு, மிஞ்சியிருப்பது 500 டாலர். 20-60x80 (20 முதல் 60 மடங்கு, முன்லென்ஸின் விட்டம் 80 மி.மீ.) என்று போட்ட ஒன்று 180 டாலருக்கே கிடைக்கிறது. 60 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்றால் வேறென்ன வேண்டும்? மிச்சப் பணத்தில் நல்ல முதுகுப்பை வாங்கிவிடலாம் அல்லவா?

2024 மார்ச் 3, இரவு

அதை வாங்க வேண்டாம். 2015இல் ஏறக்குறைய இதே எண்களைப் போட்ட ஒரு ஸ்கோப்பை நான் 160 டாலருக்கு வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. டால்கீட்னா மலைகளில் மூன்றாம் நாள் காலை, இரவெல்லாம் பெய்த மழை விட்டு வெயில் தலைகாட்டியபோது, அதன் லென்ஸின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது. வெளியே படிந்தால் துணியால் துடைத்துவிடலாம். உள்ளே படிந்ததை மலையில் வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எதிர்ச்சரிவில் ஐந்து கிடாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன, எனக்கோ வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. பிற்பகலில் ஆவி விலகிய பிறகு 60 மடங்கில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை உடலைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கரை ஓடியது. கொம்பின் நுனி எங்கே முடிகிறது, அந்தக் கரை எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. 30 மடங்குக்குக் குறைத்ததும் படம் தெளிந்தது, ஆனால் அப்போதும் நுனி கலங்கலாகவே இருந்தது. அன்று மாலை ஆடுகள் எழுந்து முகட்டைத் தாண்டிப் போயின. அவற்றில் சட்டப்படி சுடத்தக்க கிடா இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆட்டைக் கண்டுபிடிப்பது பைனாகுலரின் வேலை, 10x42 போதும். ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு இருப்பது ஒரே வேலைதான்: கண்டுபிடித்த கிடாவைச் சுடலாமா கூடாதா என்று சொல்வது. பத்தில் ஒன்பது தடவை அது "கூடாது" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் "கூடாது" என்ற பதிலைச் சந்தேகமில்லாமல் சொல்லும் கருவியை வாங்குங்கள். 60 என்ற எண்ணைப் பணம் கொடுத்து வாங்காதீர்கள்.

2024 மார்ச் 4

நேற்று எழுதியதில் சட்டத்தை விளக்காமல் விட்டுவிட்டேன். அது தெரியாமல் எந்த லென்ஸைப் பற்றிப் பேசினாலும் பயனில்லை.

அலாஸ்காவின் பெரும்பாலான பகுதிகளில் ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 20 வரை வேட்டைக்காலம். பொது வேட்டையில் சுடத்தக்க கிடாவுக்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். ஒரு கொம்பின் நுனியாவது பக்கவாட்டில் பார்க்கும்போது 360 பாகை சுற்றி முழு வட்டத்தை முடித்திருக்க வேண்டும். அல்லது இரு கொம்புகளின் நுனிகளும் உடைந்திருக்க வேண்டும். அல்லது கொம்பு வளையங்களின்படி வயது எட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செம்மறியின் கொம்பு மான் கொம்பைப் போல ஆண்டுதோறும் விழுந்து முளைப்பதில்லை; கோடையில் வளர்ந்து குளிர்காலத்தில் நின்றுவிடுகிறது, அந்த நிறுத்தம் ஒவ்வொன்றும் ஒரு வளையமாகப் பதிகிறது. சந்தையில் மாட்டை வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார். இங்கே அதே வேலையைப் பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து, ஆட்டுக்குத் தெரியாமல், கொம்பைப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

தவறாக இளங்கிடாவைச் சுட்டுவிட்டால் கொம்பும் இறைச்சியும் மாநிலத்துக்குப் போய்விடும், வழக்கும் வரும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கடந்த பத்தாண்டுகளில் வந்த கடுங்குளிர்களாலும் தாமதமான வசந்தங்களாலும் பல மலைத்தொடர்களில் டால் ஆடுகள் குறைந்துவிட்டன. இன்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டிய ஒரு கிடாவைக் கலங்கலான லென்ஸின் காரணமாகக் கொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

2024 மார்ச் 9

60 மடங்கு ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இரண்டு எளிய கணக்குகள் போதும்.

முதலாவது வெளிச்சம். முன்லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 80 மி.மீ. லென்ஸில் 60 மடங்கு என்றால் 1.3 மி.மீ.; 60 மி.மீ. லென்ஸில் 60 மடங்கு என்றால் வெறும் 1 மி.மீ. அந்த ஊசித்துளை வழியாகப் பார்க்கும்போது படம் மங்குவதோடு, கண்ணைச் சற்று அசைத்தாலே எல்லாம் கறுத்துவிடுகிறது. 50 மி.மீ. லென்ஸை 30 மடங்கில் வைத்தால் 1.7 மி.மீ. வருகிறது, கண்ணுக்கு அது எவ்வளவோ இதம். நம் ஊர் வேட்டைக்கதைகளில் வருவது போல அந்திக் கருக்கலில் பார்க்க வேண்டிய தேவையும் இங்கே குறைவு. ஆகஸ்ட் 10ஆம் தேதி ஆங்கரேஜில் பகல்பொழுதே ஏறத்தாழ 16 மணி நேரம் நீடிக்கிறது. வெளிச்சத்துக்காகவே 80 மி.மீ. லென்ஸைச் சுமப்பது அக்டோபர் மாத மான் வேட்டைக்குப் பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது.

இரண்டாவது நுணுக்கம். முன்லென்ஸ் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அதன் விட்டத்துக்கு ஏற்ற ஓர் எல்லை உண்டு. 116 என்ற எண்ணை விட்டத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால் அந்த எல்லை வினாடிக் கோணத்தில் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) கிடைக்கும். ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் ஒரு வினாடிக் கோணம் என்பது 7 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். ஆகவே 50 மி.மீ. லென்ஸால் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் 7 மி.மீ. அளவுள்ள விவரத்தைப் பிரித்துக் காட்ட முடியும். வளையத்தை எண்ண அது கிட்டத்தட்டப் போதும்.

2024 மார்ச் 10

நேற்றைய கடைசி இரண்டு வாக்கியங்களும் தவறு. ஜூனோவிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. ஒரு வினாடிக் கோணத்துக்கு உரிய அளவை நான் 50 மி.மீ. லென்ஸின் எல்லையாக எழுதிவிட்டேன். அதன் எல்லை 2.3 வினாடி, ஆகவே ஒன்றரை கிலோமீட்டரில் 17 மி.மீ.தான் பிரியும். 65 மி.மீ. லென்ஸுக்கு 13, 80 மி.மீ. லென்ஸுக்கு 10 அல்லது 11. வளையம் என்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம். ஒன்றரை கிலோமீட்டரில் அதை எண்ணிச் சொல்லும் ஸ்கோப்பை முதுகில் சுமந்து மலையேற முடியாது. அரைக் கிலோமீட்டருக்குள் நெருங்கினால் 50 மி.மீ. லென்ஸின் எல்லை 5, 6 மி.மீ. ஆகிறது, அப்போதுதான் எண்ணுவதைப் பற்றிப் பேச முடியும். தொலைவில் இருக்கும்போது சுருளின் வடிவத்தைப் பார்க்கலாம். வயதைப் பார்க்க நடந்துதான் ஆக வேண்டும்.

என் தவறான கணக்கை நம்பி யாரும் வாங்கிவிடவில்லை என்று நம்புகிறேன்.

2024 மார்ச் 17

கணக்கோடு நிறுத்த மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பல ஆண்டுகளுக்கு முன் சுட்ட கிடாவின் கொம்பு ஒன்று அவருடைய கொட்டகையில் இருந்தது. வனவிலங்குத் துறை அடித்த உலோக முத்திரைகூட அப்படியே இருக்கிறது. அதை வாங்கிப் போய், ஊருக்கு வெளியே நண்பர் ஒருவரின் நிலத்தில் வேலிக்கம்பத்தின் மேல் கட்டிவைத்து, 300 மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன். கையில் வைத்துத் தடவிப் பார்த்தபோது ஒன்பது வளையங்கள்; விரல்நகம் ஒவ்வொரு பள்ளத்திலும் தடுக்கி நின்றது. நுனிப்பக்கம் இரு வளையங்களுக்கு இடையில் ஒரு சாண் இருந்தது. அடிப்பக்கம் வரவர நெருங்கி, கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டவை போல இருந்தன. இடையிடையே வளையம் போலத் தோன்றும் சுருக்கங்களும் உண்டு. ஆனால் அவை கொம்பைச் சுற்றி முழுவதும் ஓடாமல் பாதியில் மறைந்துவிடுகின்றன.

என்னுடைய வோர்ட்டெக்ஸ் ரேஸர் எச்டி 11-33x50 ஸ்கோப்பில், காலை எட்டு மணிக்கு, 33 மடங்கில் எட்டு வளையங்களை எண்ண முடிந்தது. அடியிலிருந்த ஒன்று தப்பிவிட்டது. 2015இல் வாங்கிய பழைய ஸ்கோப்பில் 60 மடங்கில் ஐந்து, 35 மடங்கில் ஆறு. குறைந்த மடங்கில் ஒரு வளையம் கூடுதலாகத் தெரிந்ததைக் கவனியுங்கள். பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு அதே இடத்தில் மறுபடி பார்த்தேன். பனி உருகும் தரையிலிருந்து எழுந்த கானலில் கொம்பு நீருக்குள் கிடப்பது போல நெளிந்தது. ரேஸரிலும் ஆறுக்கு மேல் எண்ண முடியவில்லை, 25 மடங்குக்கு மேல் போகப் போக மோசமானது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கானலை எந்த லென்ஸும் வெல்லாது. அதனால் வயதை எண்ணும் வேலையைக் காலையிலேயே, அல்லது மேகம் மூடிய நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கொம்பு கிடைக்காதவர்கள் ஒரு தாளில் 1 மி.மீ. தடிமனுள்ள கறுப்புக் கோடுகளை வெவ்வேறு இடைவெளிகளில் வரைந்து 100 மீட்டர் தள்ளி ஒட்டிவைத்துப் பார்க்கலாம். 100 மீட்டரில் 1 மி.மீ. என்பது 500 மீட்டரில் 5 மி.மீ.க்குச் சமம். வாங்கிய ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

2024 மார்ச் 24

"அப்படியானால் எதை வாங்குவது" என்று நால்வர் கேட்டிருக்கிறார்கள். 500 டாலர் என்ற எல்லைக்குள் நான் கண்ணால் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

கோவா டிஎஸ்என்-501 என்பது 20-40x50; நேராகப் பார்க்கும் வடிவத்துக்கு 502 என்று பெயர். எடை ஏறத்தாழ 400 கிராம்தான். கையில் எடுத்தால் தண்ணீர்ப் புட்டியை எடுத்தது போல இருக்கும். இதில் ஈடி கண்ணாடி இல்லை, 40 மடங்கில் ஊதாக் கரை தெரிகிறது. 30க்குள் வைத்திருந்தால் விலைக்கு மேலேயே வேலை செய்கிறது. ஈடி என்பது நிறங்களைப் பிரியவிடாமல் ஒரே இடத்தில் குவிக்கும் சிறப்புக் கண்ணாடி. பழுப்பு நிற மான்களைப் பார்ப்பவருக்கு அது இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. கரும்பாறை முன் நிற்கும் வெள்ளை ஆட்டுக்கும், வானத்தின் முன் நிற்கும் கொம்பு நுனிக்கும் அதுதான் உயிர்.

செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9-27x56 ஈடி மிகச் சிறியது, படம் சுத்தமாக இருக்கிறது. 27 மடங்கு குறைவு என்று தோன்றும், ஆனால் அந்த 27உம் முழுமையாகப் பயன்படும் 27.

வோர்ட்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 16-48x65 ஸ்கோப்பை இங்கே பலர் வைத்திருக்கிறார்கள். 35 மடங்குவரை நன்றாக இருக்கிறது, உடைந்தால் காலம் முழுவதும் பழுது பார்த்துத் தருவதாக நிறுவனம் உறுதி தருகிறது. ஆனால் கனம். சிறு விமானத்தில் ஏரிக்கரையில் இறங்கி, கூடாரத்தை ஒரே இடத்தில் போட்டு வேட்டையாடுபவருக்கு இதுவே சரி. சாலையிலிருந்து எட்டு நாள் உணவோடு நடப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய பொருளாக வாங்கத் தயங்காதவர்களுக்கு வழி இன்னும் அகலமாகிறது. நிக்கான் ஈடி50 உடல் அரைக் கிலோவுக்கும் குறைவு. கண்லென்ஸைத் தனியாக வாங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பலர் விலையைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள். என்னுடைய ரேஸர் 50 மி.மீ., 700 கிராமைச் சற்றுத் தாண்டும். நான் 480 டாலருக்குப் பழையதாக வாங்கினேன். லியுபோல்ட் கோல்ட் ரிங் 12-40x60 பழையதாக வந்தால் அதையும் பாருங்கள், ஒரு கிலோவுக்குச் சற்று மேலே எடை. பழையதை வாங்கும்போது முன்லென்ஸை ஒரு டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உள்ளே பூஞ்சை வலை போலப் படர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வெளிக்கீறல் ஒன்றிரண்டு இருந்தால் படத்தில் தெரியாது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

2024 மார்ச் 25

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் நேற்றைய குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்ற அளவு 15 மி.மீ.க்குக் கீழே இருந்தால் கண்ணாடியோடு முழு வட்டமும் தெரியாது. சிறிய ஸ்கோப்புகள் பலவற்றில் அதிக மடங்குக்குப் போகும்போது இந்த அளவு போதாமல் போகிறது. லியுபோல்ட் கோல்ட் ரிங்கில் இது ஏறத்தாழ 30 மி.மீ.; கண்ணாடி போடும் என் தோழர் அதை விட்டு வேறொன்றுக்கு மாற மறுப்பதற்கு அது மட்டுமே காரணம்.

2024 ஏப்ரல் 14

ஆங்கரேஜுக்குத் தெற்கே சீவார்ட் நெடுஞ்சாலையில் 106ஆம் மைல் அருகே விண்டி கார்னர் என்ற வளைவு இருக்கிறது. டர்னகெய்ன் கடற்கைக்கு (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்) மேலே நிற்கும் பாறைகளில் டால் ஆடுகள் சாலைக்கு அருகிலேயே இறங்கி மேய்கின்றன. சனிக்கிழமை அங்கே மூன்று ஸ்கோப்புகளோடு உட்கார்ந்தேன். பேருக்கு ஏற்றபடி காற்று அடித்தது. அன்று நான் கற்றது லென்ஸைப் பற்றி அல்ல, முக்காலியைப் பற்றி.

நண்பரின் 65 மி.மீ. ஸ்கோப் புகைப்படக்கடையில் வாங்கிய 40 டாலர் முக்காலியில் நின்றது. என்னுடைய 50 மி.மீ. ஸ்கோப் நல்ல கார்பன் முக்காலியில், கால்களை விரித்துத் தாழ்த்தி, நடுவில் முதுகுப்பையைத் தொங்கவிட்டு நின்றது. அவருடைய படம் காற்றின் ஒவ்வொரு வீச்சுக்கும் துடித்தது. கிடாவின் தலை ஒரு விநாடிகூட நிலையாக நிற்கவில்லை. இரண்டையும் இடம் மாற்றிவைத்ததும் அவருடைய ஸ்கோப் என்னுடையதை வென்றது. அதாவது, 65 மி.மீ. உண்மையிலேயே கூடுதலாகக் காட்டுகிறது, ஆனால் அதை நிற்கவைக்கும் கால்களையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

மார்ச் 24 அன்று எழுதியதை இதனால் திருத்துகிறேன். 500 டாலரையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிடாதீர்கள். ஸ்கோப்புக்கு 350, முக்காலிக்கும் ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அதன் தலைக்கும் 150 என்று பிரியுங்கள். ஸ்கோப், முக்காலி, தலை மூன்றும் சேர்ந்து 2 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது என் வரம்பு. நடுத்தண்டை உயர்த்தும் முக்காலி தேவையே இல்லை. நாம் எப்போதும் உட்கார்ந்து அல்லது படுத்துத்தான் பார்க்கிறோம். உயர்த்திய நடுத்தண்டு காற்றில் நாணல் போல ஆடும்.

2024 ஏப்ரல் 28

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், வரையாட்டைப் பார்க்கவும் இதே ஸ்கோப் உதவுமா என்று கேட்டிருக்கிறார். வரையாட்டை வேட்டையாட முடியாது, கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பார்ப்பதற்கு என்றால் நிச்சயமாக உதவும். நான் வால்பாறைக்காரன். ஆழியாறு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து சன்னல் வழியாக வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவன், செங்குத்துப் பாறையில் நிற்கும் ஒரு விலங்கின் மேல் எனக்கு வந்த ஆசை அங்கேதான் தொடங்கியது. பெயரில் ஆடு என்றாலும் அது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வின் வழியே 2005இல் நிறுவப்பட்டு, அதற்கு நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. நான் இங்கே பார்க்கும் டால் கிடாவும் ஊரில் பார்த்த வரையாடும் ஒருவகையில் பங்காளிகள்.

சோலைக்காட்டு மேல்புல்வெளியில் பனிமூட்டம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடித் திறக்கும். அங்கே 27 அல்லது 30 மடங்குக்கு மேல் பயன்படுத்த வாய்ப்பே கிடைக்காது. நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி ஈரம் புகாமல் அடைத்த ஸ்கோப்பாக இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

2024 மே 19

நேர் உடலா, 45 பாகை சாய்ந்த கண்லென்ஸா என்ற கேள்விக்கு நான் பல ஆண்டுகளாக "நேர் உடல்" என்றே சொல்லி வந்தேன். பைனாகுலரை விட்டுக் கண்ணை எடுத்ததும் அதே திசையில் ஸ்கோப்பைத் திருப்பி ஆட்டைப் பிடித்துவிடலாம், முகட்டின் மேல் படுத்துக்கொண்டு முதுகுப்பை மேல் வைத்துப் பார்க்கலாம் என்பவை என் காரணங்கள். இரண்டும் இப்போதும் உண்மை. ஆனால் விண்டி கார்னரில் நான்கு மணி நேரம் தலைக்கு மேலே இருந்த பாறையைப் பார்த்தபோது, நேர் உடலில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கழுத்து பிடித்துக்கொண்டது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதே நம் வேட்டையில் பாதி நேரம். சாய்ந்த கண்லென்ஸ் என்றால் முக்காலியையும் தாழ்வாக வைக்கலாம், உயரம் வேறுபட்ட இருவர் மாறி மாறிப் பார்க்கலாம். இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் சாய்ந்ததையே எடுப்பேன்.

2024 ஜூலை 7

ஃபேர்பேங்ஸ் நண்பர் ஹம்மிங்பேர்டையும் ஒரு கார்பன் முக்காலியையும் வாங்கிவிட்டார். நல்ல முடிவு. புறப்படுவதற்கு முன் சில சொற்கள்.

காலையில் கூடாரத்திலிருந்து எடுத்ததும் மூச்சுக்காற்று கண்லென்ஸில் படிந்து உறையும். வாயை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சுவிடப் பழகுங்கள். இரண்டு துடைக்கும் துணிகளை எடுத்துப் போங்கள், ஒன்று எப்போதும் உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில் இருக்கட்டும். பையில் வைத்த துணி இரண்டாம் நாளே ஈரமாகிவிடும். கைபேசியைக் கண்லென்ஸோடு பொருத்தும் பிடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கண் தொடர்ந்து பார்த்துக் களைத்துவிடுகிறது. ஒரு நிமிடக் காணொளி எடுத்து, கிடா தலையைச் சரியாகப் பக்கவாட்டில் திருப்பிய அந்த ஒரு சட்டகத்தை நிறுத்திப் பார்த்தால், சுருள் முழு வட்டமா என்று இருவரும் நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம்.

2024 ஆகஸ்ட் 27

சூகாச் மலைகளில் ஒன்பது நாள் இருந்துவிட்டு நேற்று இரவு வீடு திரும்பினேன்.

ஐந்தாம் நாள் காலையில் தனியாக மேய்ந்த ஒரு கிடாவைத் தோழர் பைனாகுலரில் கண்டுபிடித்தார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு, எங்களுக்கு மேலே. வலக்கொம்பின் நுனி உடைந்திருந்தது. இடக்கொம்பு முழு வட்டத்தை முடித்தது போலவே தெரிந்தது. காணொளியில் நிறுத்திப் பார்த்தபோதும் அப்படியே. தோழர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். நான் மேலே போய்ப் பார்க்கலாம் என்றேன். ஓடையைக் கடந்து, சரளைச் சரிவைத் தவிர்த்துச் சுற்றி, கிடா நின்ற மட்டத்துக்கே ஏற நான்கு மணி நேரம் பிடித்தது. ரேஞ்ச்ஃபைண்டர் 420 மீட்டர் காட்டியது. மேகம் மூடியிருந்ததால் கானல் இல்லை.

சமமட்டத்திலிருந்து பார்த்தபோது அந்த வட்டம் முடியவில்லை. நுனிக்கும் முழு வட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் அகலம் குறைந்தது. கீழேயிருந்து சாய்வாகப் பார்த்ததே எங்களை ஏமாற்றியிருக்கிறது. எனவே வயது மட்டுமே மிச்சம். ஸ்கோப்பை 33 மடங்கில் வைத்து, முதுகுப்பையை முக்காலியில் தொங்கவிட்டு, இருவரும் தனித்தனியாக எண்ணினோம். எண்ணி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கு ஏழு. அவருக்கும் ஏழு. அடிக்கொம்பில், மயிர் மூடும் இடத்தில், இன்னொரு நிழல் இருந்தது. அது வளையமா, மழை நனைத்த மயிரின் விளிம்பா என்று நாற்பது நிமிடம் பார்த்தும் இருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிடா படுத்து அசைபோட்டது. ஒருமுறை எங்கள் பக்கம் முழுமுகத்தைத் திருப்பிப் பார்த்தது. பிறகு மழை வலுத்தது. நாங்கள் இறங்கிவிட்டோம்.

80 மி.மீ. லென்ஸ் இருந்திருந்தால் அந்த நிழல் என்னவென்று தெரிந்திருக்குமா என்று வழியெல்லாம் யோசித்தேன். தெரிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கனத்தைச் சுமந்து அந்த மட்டத்துக்கு நான்கு மணி நேரத்தில் ஏறியிருக்க மாட்டேன். கீழேயிருந்து பார்த்ததையே நம்பியிருப்பேன்.

2024 செப்டம்பர் 22

வேட்டைக்காலம் நேற்று முன்தினம் முடிந்தது. ஃபேர்பேங்ஸ் நண்பர் பதினொரு பெட்டைகளையும் இரண்டு இளங்கிடாக்களையும் பார்த்துவிட்டு, எதையும் சுடாமல் திரும்பியிருக்கிறார். அந்த இரண்டும் இளங்கிடாக்கள் என்பதை 700 மீட்டரிலேயே சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்ததாம். அடுத்த ஆண்டுக்கு 65 மி.மீ. ஸ்கோப் வாங்கலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் குறை என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்: முக்காலித்தலையை இறுக்கியதும் ஸ்கோப் மெல்லக் கீழே சாய்ந்து ஆடு சட்டகத்தை விட்டு நழுவியது என்கிறீர்கள். அது பந்துத்தலையின் குறை, லென்ஸின் குறை அல்ல. மெதுவாக நகரும் சிறிய வீடியோத்தலை ஒன்றை மாற்றிப் போட்டு, ஏப்ரலில் விண்டி கார்னருக்கு வாருங்கள். என்னுடையதையும் சென்ற ஏப்ரலில் என்னோடு அங்கே வந்த நண்பரின் 65 மி.மீ.யையும் அதே தலையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அதுவரை ஸ்கோப்பை உறையிலேயே போட்டுவைக்காதீர்கள். மூடிகளைத் திறந்து, கண்லென்ஸின் ரப்பர் வளையத்தை உருவி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல், சாதாரண அறையில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். என்னுடையது இப்போது சமையலறை மேசையில் அப்படித்தான் கிடக்கிறது. ரப்பர் வளையத்துக்கு அடியில் சூகாச்சின் மணல் இன்னும் கொஞ்சம் இருந்தது.